ஒரு பண்பு உங்கள் குடும்பத்தில் எப்படி இறங்குகிறது? கண்டுபிடிக்கும் வழி, படிப்படியாக

என் அண்ணன் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்கவில்லை என்பது அவளுடைய ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் காது நன்றாகவே கேட்கும். எங்கள் பக்கத்தில் தாத்தாவின் தம்பி ஒருவர் மட்டும் காது கேளாதவர். நானும் என் மனைவியும் குழந்தை பெறுவது பற்றிப் பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. 'நம் குழந்தைக்கும் வருமா?' என்ற கேள்வி வந்தது. பள்ளியில் படித்த ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு பாடத்தை நம்பி நானே ஒரு நோட்டில் கணக்குப் போடத் தொடங்கினேன். ஏழு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு மரபியல் ஆலோசகரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாக்கைச் சுருட்டுபவர்கள் யார் யார் என்று பதினைந்து பக்கம் இருக்கிறது. உங்கள் அண்ணியின் அம்மா அப்பா பற்றி ஒரு வரிகூட இல்லையே?"

அந்த ஏழு மாதம் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என் உதாரணம் காது கேளாமை. நிறக்குருடு, ஆறாவது விரல், தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை, இரத்த வகை என்று நீங்கள் எதைத் தேடினாலும் போகும் பாதை ஏறக்குறைய இதுதான்.

1. எந்தப் பண்பு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும். "பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது" என்பது சரியான வரி. "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் உயரம்" என்பது உதவாது. உயரம் ஒரு மரபணு தீர்மானிக்கும் விஷயமே அல்ல. அதோடு தொடர்புடைய இடங்கள் மட்டும் நம் டிஎன்ஏவில் 12,000க்கு மேல் இருப்பதாக 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. தோல் நிறம், முக ஜாடை, வழுக்கை எல்லாம் இதே வகைதான். இவற்றில் ஓங்கியது எது, ஒடுங்கியது எது என்று கேட்பதே வீண் வேலை.

நான் விழுந்த முதல் பள்ளம் இங்கேதான் இருந்தது. நாக்கைச் சுருட்டுவது ஓங்குபண்பு, காது மடல் ஒட்டியிருப்பது ஒடுங்குபண்பு, கன்னத்தில் குழி ஓங்குபண்பு என்று ஒரு பட்டியல் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி தவறு. நாக்கு விஷயத்தை 1952லேயே ஒரே கரு இரட்டையரை வைத்துச் சோதித்துவிட்டார்கள். 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட இருவருக்கே இப்படி என்றால், ஒற்றை மரபணுக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. காது மடலும் அப்படித்தான். ஒட்டியது, தொங்குவது என்று இரண்டே வகை கிடையாது. இடைப்பட்ட வடிவங்கள் எத்தனையோ உண்டு. 2017இல் வந்த ஆய்வு அதோடு தொடர்புடைய 49 இடங்களைக் காட்டியது. கண் நிறத்துக்கு ஒரு மரபணுப் பகுதி பெரும்பங்கு வகிக்கிறது என்பது உண்மை. ஆனால் நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் குழந்தை பிறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிறக்கலாம்.

பட்டியலில் ஒழுங்காக நடந்துகொள்ளும் சிலவும் உண்டு. எனக்குப் பிடித்தது காதுக் குறும்பி. ஈரமாகப் பிசுபிசுக்கும் குறும்பி ஓங்கியது, உலர்ந்து பொடியாக வருவது ஒடுங்கியது. ஏபிசிசி11 என்ற ஒரே மரபணுவில், ஒரே டிஎன்ஏ எழுத்து மாறுவதால் வரும் வித்தியாசம் அது. கணக்கைப் பழக விரும்பினால் குறும்பியையோ இரத்த வகையையோ எடுத்துக்கொள்ளுங்கள், நாக்கை விட்டுவிடுங்கள்.

2. இரண்டு சொற்களையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரே ஒரு பிரதி மாறியிருந்தாலே பண்பு வெளியே தெரிந்தால் அது ஓங்கியது. இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கியது. அவ்வளவுதான் விளக்கம். பலம், பலவீனம், நல்லது, கெட்டது, அதிகம், குறைவு எதுவும் இந்தச் சொற்களில் இல்லை. 'ஓங்கு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்குபண்பாகவே இறங்குகிறது. அதற்காக உலகத்தில் பாதிப் பேருக்கு ஆறு விரலா இருக்கிறது? மறுபக்கம் ஓ இரத்த வகையைப் பாருங்கள். அது ஒடுங்கியது, ஆனால் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் வகை அதுதான். ஒரு பண்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

ஏன் ஒரு பிரதி போதுகிறது, ஏன் போதவில்லை? ஒரே சாமானைச் செய்யும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மூடிவிட்டாலும் மற்றது தேவையான அளவு செய்துவிடும் என்றால், மூடியது வெளியே தெரியாது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நொதிகள் அப்படிப்பட்டவை, அதனால்தான் அல்பினிசம் என்ற நிறமிக் குறைபாடு ஒடுங்கியதாக இறங்குகிறது. சில இடங்களில் பாதி அளவு போதாது. வேறு சில இடங்களில் கெட்டுப்போன பட்டறை சும்மா மூடிக் கிடக்காமல், கோணலான சாமானைச் செய்து நல்லதையும் கெடுக்கும். அப்போது ஒரு பிரதி மாறினாலே விளைவு தெரிந்துவிடும்.

ஒரு பிரதி மட்டும் மாறியிருந்து, தனக்கு ஒன்றும் இல்லாதவரைக் கடத்தி என்கிறோம். ஆலோசனை அறைகளில் 'கேரியர்' என்ற சொல்தான் அதிகம் காதில் விழும். கடத்தி நோயாளி அல்ல. வீட்டில் யாரிடம் பேசினாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

ஓங்குவதும் ஒடுங்குவதும் இல்லாத இடமும் உண்டு. இரத்தத்தில் ஏ, பி இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே தெரியும், அதுதான் ஏபி வகை.

3. காகிதங்களை முதலில் சேருங்கள்

நான் கதைகளைச் சேர்த்தேன். காகிதங்களைச் சேர்த்திருக்க வேண்டும். பண்பு உள்ளவர் ஒவ்வொருவருக்கும் கீழே உள்ளவை தேவை.

பண்பை உறுதிசெய்த பரிசோதனைத் தாள். காது என்றால் ஆடியோகிராம், இரத்தம் என்றால் முழு இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனையும், நிறக்குருடு என்றால் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. "அவருக்கு அது இருந்தது என்று சொல்வார்கள்" என்பது தாள் ஆகாது.

எந்த வயதில் தெரிந்தது என்பதற்கு ஆதாரம். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது.

பிறந்த சமயத்து மருத்துவமனைக் குறிப்புகள். குறைமாதமா, கடும் மஞ்சள்காமாலை வந்ததா, கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா போன்ற தொற்று இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். இவையும் குழந்தையின் கேட்கும் திறனைப் பறிக்கக்கூடியவை. பரம்பரை என்று முடிவு கட்டும் முன் இவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

இதற்கு முன் யாராவது மரபணுச் சோதனை செய்திருந்தால் அந்த முடிவுத் தாள், முழுதாக, எல்லாப் பக்கங்களும். முதல் பக்கத்தின் படம் மட்டும் போதாது.

எங்கள் தாத்தாவின் தம்பி கதையை இங்கே சொல்ல வேண்டும். அவரையும் அண்ணன் மகளையும் ஒரே வகையில் சேர்த்து, 'இது ஓங்குபண்பு, நடுவில் ஒரு தலைமுறை தாண்டியிருக்கிறது' என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவர் தெளிவாகப் பேசுவார். பிறவியிலேயே கேட்காதவருக்கு அப்படிப் பேச்சு வருவது கடினம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெரிய அத்தையிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, அதற்கப்புறம்தான் அவருக்குக் காது போனதாம். மூளைக்காய்ச்சல் காதைப் பறிக்கும், பிள்ளைகளுக்கு இறங்காது. என் ஏழு மாதக் கணக்கும் அந்த ஒரு பதிலில் அழிந்தது.

காகிதம் சேர்க்கப் பணம் பெரிதாகச் செலவாகாது, நேரம்தான் செலவாகும். பழைய மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டு வாங்க வாரங்கள் பிடிக்கும். எனவே விண்ணப்பத்தை முதல் நாளே கொடுத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். இன்னொருவருடைய பதிவு என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் பெரும்பாலும் கேட்பார்கள்.

4. உறவினர்களிடம் கேளுங்கள், ஆனால் உறவுச் சொற்களை நம்பாதீர்கள்

இது தமிழ் பேசும் நமக்கே உரிய பொறி. "மாமாவுக்கு நிறக்குருடு" என்கிறார் ஒருவர். எந்த மாமா? அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா? முன்னவருக்கும் உங்களுக்கும் பொதுவான மரபணுக்கள் உண்டு, பின்னவரோடு இரத்த உறவே இல்லை. அத்தை என்றால் அப்பாவின் தங்கையும் ஆகலாம், மாமாவின் மனைவியும் ஆகலாம். சித்தி, சித்தப்பா, பெரியம்மா, பெரியப்பா எல்லாச் சொற்களுக்கும் இந்த இரட்டை வேடம் உண்டு. ஆகவே நோட்டில் 'மாமா' என்று எழுதாதீர்கள். 'அம்மாவின் உடன்பிறந்த தம்பி' என்று முழுதாக எழுதுங்கள். கேட்பவருக்கு எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை.

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், குறைந்தது மூன்று தலைமுறை. ஒடுங்குபண்பு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் தெரியும். நான் அண்ணி வீட்டாரைக் கேட்கவே இல்லை. "எங்கள் பக்கம்தான் ஒருவர் இருக்கிறாரே" என்ற நினைப்பு.

கேள்வியை நேராகக் கேட்டால் பதில் வராது. "நம் குடும்பத்தில் யாருக்காவது குறை உண்டா?" என்று தொடங்கினால் எல்லார் முகமும் இறுகிவிடும். "சின்ன வயதில் இறந்த குழந்தைகள் உண்டா, யாராவது கண்ணாடி இல்லாமல் சிரமப்பட்டார்களா, சிறு வயதில் பேச்சு வரத் தாமதம் ஆனதா?" என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். மூத்தவர்களைத் தனித்தனியாகக் கேட்பது நல்லது. நான்கு பேர் கூடியிருக்கும்போது ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

பண்பு இல்லாதவர்களையும் எண்ணுங்கள். எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருப்பதும், இரண்டு பேரில் ஒருவருக்கு இருப்பதும் ஒன்றல்ல.

5. படத்தை வரையுங்கள்

இதற்கென்று உலகம் முழுதும் ஒரே குறியீடுதான் புழங்குகிறது. ஆண் சதுரம், பெண் வட்டம், பால் தெரியாவிட்டால் சாய்சதுரம். பண்பு உள்ளவரை முழுக்கக் கருப்பாக்குங்கள். கடத்தி என்று உறுதியானவருக்குப் பாதி கருப்பு, அல்லது நடுவில் ஒரு புள்ளி. இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. தம்பதியை ஒரு கிடைக்கோடு இணைக்கும்; அவர்கள் நெருங்கிய இரத்த உறவினர் என்றால் இரட்டைக் கோடு. தலைமுறைகளை ரோமன் எண்ணாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஆட்களை இடமிருந்து வலமாக 1, 2, 3 என்றும் குறியுங்கள். யாரைக்கொண்டு தேடல் தொடங்கியதோ அவருக்கு ஓர் அம்புக்குறி.

பெரிய தாளில் பென்சிலால் வரையுங்கள். ஒவ்வொரு ஆளுக்குக் கீழும் வயது, எப்போது தெரிந்தது, ஆதாரம் தாளா வாய்மொழியா என்று மூன்றே குறிப்புகள். வாய்மொழி என்றால் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். இணையத்தில் வரைந்து தரும் கருவிகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் கடைசியில் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் கையால் வரைந்தால்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்ணில் படும்.

இரட்டைக் கோட்டை மறைக்காதீர்கள். ஒருவரின் அம்மாவும் இன்னொருவரின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள் என்றால், அந்த இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. அதனால் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே ஒடுங்கு பிரதி அவர்கள் குழந்தையில் மீண்டும் சந்திக்க வாய்ப்புக் கூடும். ஆலோசகர் இதை வைத்து உங்களை எடை போடுவதற்காகக் கேட்பதில்லை, கணக்குக்காகத்தான் கேட்கிறார்.

6. படத்தைப் படியுங்கள்

கருப்பு வடிவங்கள் மேலிருந்து கீழாகத் தலைமுறை விடாமல் இறங்கினால், பெரும்பாலும் ஓங்குபண்பு. ஒரே தலைமுறையில் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்குள் மட்டும் இருந்து, பெற்றோர் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் ஒடுங்குபண்பு.

இதைவிடக் கூர்மையான சோதனைகள் மூன்று. பண்பு இல்லாத பெற்றோருக்குப் பண்பு உள்ள குழந்தை பிறந்தால் முதலில் ஒடுங்கியது என்று சந்தேகியுங்கள். பண்பு உள்ள இரு பெற்றோருக்கும் பண்பு இல்லாத குழந்தை பிறந்தால் ஓங்கியதாக இருக்கலாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு நேராக வந்திருந்தால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இல்லை, ஏனென்றால் அப்பா தன் எக்ஸை மகனுக்குக் கொடுப்பதே இல்லை.

இந்த எக்ஸ் விஷயம் தனி. சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் வழி இறங்கும் ஒடுங்குபண்பு. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஒரு பிரதி மாறினாலே போதும், பெண்ணுக்கு இரண்டும் மாற வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் சுமார் 0.5 சதவீதம் என்ற வித்தியாசம் அதனால்தான். தாத்தாவுக்கு இருந்தது, மகளுக்கு இல்லை, பேரனுக்கு வந்தது என்ற வடிவம் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொறிகள். அண்ணன் குடும்பத்து அனுபவத்தால் எனக்கு இவை நன்றாகவே பழகிவிட்டன.

ஓங்குபண்பு சில சமயம் ஒருவரிடம் இருந்தும் வெளியே தெரியாது. ஆறாவது விரல் இப்படித் தலைமுறை தாண்டுவதாகத் தோன்றும். வேறு சில, வயதான பிறகே தெரியும். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கியது, ஆனால் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள்தான் தலைகாட்டும். இருபது வயதில் இறந்த மூதாதையை 'பண்பு இல்லை' என்று குறிக்க முடியாது, கேள்விக்குறிதான்.

புதிதாகத் தோன்றிய மாற்றமும் உண்டு. அகாண்ட்ரோபிளாசியா என்ற குள்ளத்தன்மை ஓங்கியது, இருந்தும் அது உள்ளவர்களில் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் கொண்டவர்கள். கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்த மாற்றம் அது. 'பெற்றோருக்கு இல்லை, எனவே ஒடுங்கியது' என்ற அவசரம் இங்கே தோற்கும்.

ஒரே தோற்றம், வேறு வேறு மரபணு. பிறவிக் காது கேளாமையோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். காது கேளாத கணவன் மனைவிக்கு நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் பிறப்பது சாதாரணம். அவர்கள் இருவரிடமும் மாறியிருப்பது வேறு வேறு மரபணு, அதனால் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பிவிடுகிறார். அல்பினிசத்திலும் இப்படி உண்டு. மேலே சொன்ன இரண்டாவது சோதனையில் 'ஆக வேண்டும்' என்று எழுதாமல் 'இருக்கலாம்' என்று எழுதியது இதற்காகத்தான்.

இரத்த வகையை வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள். ஏ வகைப் பெற்றோர் இருவருக்கு ஓ குழந்தை பிறக்கும், பாசிட்டிவ் பெற்றோர் இருவருக்கு நெகட்டிவ் குழந்தை பிறக்கும். இரண்டும் ஒடுங்கியவை, கடத்திகள் சேர்ந்தால் வரும். இதைவிட அபூர்வமாக, 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட பாம்பே வகை இருக்கிறது. அது உள்ளவர் சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரிவார். ஆனால் அவர் மரபணுவில் ஏ அல்லது பி ஒளிந்திருக்கலாம், குழந்தையிடம் அது வெளிப்படலாம்.

7. கணக்குப் போடுங்கள்

ஒடுங்குபண்புக்கு இரண்டு கடத்திகள் சேர்ந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பண்பு வர 1/4, கடத்தியாக 1/2, எதுவும் இல்லாமல் பிறக்க 1/4. 'ஒவ்வொரு' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குக் கவலையில்லை என்று அண்ணி வீட்டில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அப்படி ஒரு ஒதுக்கீடு கிடையாது, இரண்டாவது குழந்தைக்கும் அதே 1/4தான். ஓங்குபண்பு என்றால், ஒரு பிரதி மாறிய ஒருவரின் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 1/2.

அண்ணன் மகளுக்குச் சோதனையில் ஜிஜேபி2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறியிருந்தது தெரிந்தது. உலகின் பல பகுதிகளில் ஒடுங்கு வகைக் காது கேளாமைக்கு மிக அதிகமாகக் காரணமாகும் மரபணு இது. அப்படியென்றால் அண்ணன் கடத்தி, அண்ணியும் கடத்தி. அண்ணனுக்கு அது எங்கள் அம்மா அல்லது அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் கடத்தி என்றால் நான் கடத்தியாக இருக்க 1/2. என் மனைவி கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 50இல் 1 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எங்கள் குழந்தைக்கு வர வாய்ப்பு 1/2 × 1/50 × 1/4, அதாவது 400இல் 1. அண்ணன் வீட்டில் 4இல் 1, எங்களுக்கு 400இல் 1. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அன்று இரவு நிம்மதியாகப் பேச முடிந்தது.

இன்னொரு இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். நாளை அண்ணனுக்குக் காது கேட்கும் இன்னொரு குழந்தை பிறந்தால், அது கடத்தியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 1/2 என்றுதான் நானும் சொன்னேன். தவறு, 2/3. குழந்தைக்குக் காது கேட்கிறது என்று தெரிந்தவுடன், நான்கு சாத்தியங்களில் 'இரண்டும் மாறியது' விலகிவிடுகிறது. மிச்சம் மூன்றில் இரண்டு கடத்தி.

8. பரிசோதனைக்குப் போகும் முன்

வரிசை முக்கியம்: முதலில் ஆலோசகர், அப்புறம் பண்பு உள்ளவர், அதற்கும் அப்புறம்தான் மற்றவர்கள். நான் நேராக ஒரு ஆய்வகத்துக்குப் போய் என் இரத்தத்தைக் கொடுத்து, நீளமான ஒரு பட்டியலுக்குப் பணம் கட்டினேன். எதைத் தேடுவது என்று தெரியாமல் செய்த சோதனை அது. வந்த தாளை ஆலோசகர் பயன்படுத்தவே இல்லை. வீட்டில் பண்பு உள்ளவரிடம் மாற்றம் எது என்று கண்டுபிடித்துவிட்டால், இரத்த உறவினருக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்.

செலவும் அதே வரிசையில் ஏறும். தெரிந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்ப்பது மிகக் குறைந்த செலவு. ஒரு முழு மரபணுவைப் படிப்பது அடுத்தது, தொடர்புடைய மரபணுக்களின் தொகுப்பு அதற்கு மேல், எல்லா மரபணுக்களின் புரதம் எழுதும் பகுதியையும் படிக்கும் எக்ஸோம் அதற்கும் மேல். முடிவுகள் நாள் கணக்கில் வராது, வாரக் கணக்கில்தான். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டிஎன்ஏவில் பெரிய துண்டு காணாமல்போயிருந்தால் உங்கள் சோதனை பிடிக்குமா? முடிவை விளக்கும் ஆலோசனைக்குத் தனிக் கட்டணமா? ஜிஜேபி2க்குப் பக்கத்திலேயே அப்படிக் காணாமல்போகும் துண்டு ஒன்று உண்டு. வெறும் எழுத்துகளைப் படிக்கும் சோதனை அதைத் தவறவிடலாம்.

எச்சில் எடுத்து அனுப்பும் வீட்டுப் பெட்டிகள் பலவும் குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமே பார்க்கின்றன. அதில் 'இல்லை' என்று வந்தால், பார்த்த இடங்களில் இல்லை என்று மட்டும் பொருள்.

மனைவி அல்லது கணவர் விஷயத்தில் கவனம். அவர் உங்கள் இரத்த உறவில்லை, அதனால் உங்கள் குடும்பத்து மாற்றத்தை மட்டும் அவரிடம் தேடிப் பயனில்லை. அவருக்கு அந்த மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும், குறைத்துக்கொள்ள வழியில்லை.

தலசீமியா தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கடத்தியைக் காட்டிக்கொடுப்பது ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் கூடுதல் அளவு; இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த அளவு தாழ்ந்து காட்டி, கடத்தியையும் சாதாரணமானவர்போல் தெரியச் செய்யலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் முடிவு கலங்கிவிடும், சுமார் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள். இரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காலம் என்றால், கர்ப்பத்துக்கு முன்பே செய்வதுதான் வசதி. கர்ப்பத்தில் செய்தால் கெடு நெருக்கும்: நஞ்சுக்கொடித் திசு மாதிரி எடுப்பது பொதுவாக 11 முதல் 13 வாரத்துக்குள், பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்குப் பிறகு. அதற்குள் இரு பெற்றோரின் முடிவும் கையில் இருக்க வேண்டும். முடிவு வர ஆகும் வாரங்களைக் கழித்துப் பாருங்கள், எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும் என்று தெரியும்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. குடும்பமாகச் சோதித்தால், யார் யாருக்குப் பிள்ளை என்பதும் தெரிந்துவிடலாம். அப்படி ஏதாவது தெரியவந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று ஆய்வகத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வயதான பிறகு வரும் நோய்களுக்குச் சிறு பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம் என்றுதான் ஆலோசகர்கள் பெரும்பாலும் சொல்வார்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று.

9. தாள் கைக்கு வந்ததும்

மூன்று வகைச் சொற்களைத் தேடுங்கள்: நோய் விளைவிக்கும் மாற்றம், தீங்கற்ற மாற்றம், பொருள் தெளிவாகாத மாற்றம். மூன்றாவது வந்தால் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுபடி கேட்டால், வகை மாறியிருக்கலாம். தொகுப்புச் சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பரம்பரை அல்ல என்று அர்த்தம் இல்லை. அந்தத் தொகுப்பில் இல்லாத மரபணுவாகவும் இருக்கலாம்.

என் சோதனையில் நான் கடத்தி என்று வந்தது. மனைவிக்கு முழு மரபணுவையும் படித்தார்கள், மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

தாளில் மரபணுவின் பெயருக்கு அடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறியீடு இருக்கும். அந்த வரிதான் முழுத் தாளிலும் மதிப்புள்ளது. ஆய்வகத்தின் பெயர், தேதி, அந்த வரி மூன்றையும் சேர்த்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி வையுங்கள். சித்தப்பாவின் மகள், அதாவது என் அப்பாவின் சொந்தத் தம்பி மகள், போன மாதம் சோதனைக்குப் போனபோது அந்த ஒரு வரியை மட்டும்தான் காட்டினாள். அந்த ஒரே இடத்தைப் பார்த்தார்கள். நான் முதலில் கட்டிய பணத்தில் சிறு பங்குதான் அவளுக்கு ஆனது. அண்ணன் மகளின் கோப்பில் இன்னொரு பிரதி இருக்கிறது, அதன் மேல் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.